இரண்டு பேஸ் கிட்டாருக்கு ஒரு பை: திருகோணமலையில் இருந்துகொண்டு வாங்குவது எப்படி

கலியாண வீடு, கோயில் திருவிழா, உப்புவெளி ஹோட்டல் என்று வாசிக்கத் தொடங்கிய பேஸ்காரருக்கு இரண்டாவது பேஸ் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். நாலு தந்தி ஒன்று இருக்கும், அடித்தொனிக்கு ஐந்து தந்தி ஒன்று வாங்குவார். அல்லது பைலாவுக்கு ஒன்று, மெல்லிசைக்கு ஃப்ரெட் இல்லாதது ஒன்று. பாடகரின் தொண்டைக்காக அரைக்கட்டை இறக்கிக் கட்டியதைத் தனியாக வைத்திருப்பவர்களும் உண்டு. ஆளுக்கு இரண்டு தோள், அதில் இரண்டு பை, கையில் பெடல் பெட்டி என்று ஓட்டோவில் ஏறிப் பார்த்தபிறகுதான் இரண்டையும் ஒன்றாகப் போடும் பை தேடத் தோன்றும்.

எனக்கும் அப்படித்தான். கடைக்குப் போய்த் தடவிப் பார்த்து வாங்கக்கூடிய சாமான் அல்ல இது. அளவு, கூலி, சுங்கம், தையல்காரரின் தவணை என்று எல்லாவற்றிலும் இழுபட்டு முடித்தேன். புதிதாகத் தேடுபவர்கள் அதே இழுபறியில் மாட்ட வேண்டாம் என்று எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்பொஞ்சின் தடிப்பைப் பார்த்துப் பை வாங்காதீர்கள். நடுத்தடுப்பும் தோள்பட்டியும் சரியாக இருந்தால் 15 மில்லிமீற்றர் போதும். அவை இரண்டும் சரியில்லை என்றால் 30 மில்லிமீற்றரும் காப்பாற்றாது.

1. இரட்டைப் பை உங்களுக்குத் தேவைதானா?

ஒரு பேஸ் 4 முதல் 4.5 கிலோ வரும். இரண்டு என்றால் 8 முதல் 9 கிலோ. நல்ல இரட்டைப் பை வெறுமையாகவே 3 முதல் 5 கிலோ. கேபிள், டியூனர், கிட்டார் பட்டி, மாற்றுத் தந்தி எல்லாம் போட்டால் 14 கிலோவைத் தொடும். இதை முதுகில் போட்டுக்கொண்டு நீங்கள் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. பஸ்ஸில் போய் இறங்கி மண்டபம் வரை நடப்பவருக்கும், ஓட்டோவில் போகிறவருக்கும் இரட்டைப் பை பெரிய உதவி.

குழுவின் வான் வீட்டு வாசலுக்கே வருகிறது என்றால் தனித்தனிப் பை இரண்டே நல்லது, மலிவும்கூட. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் இரட்டைப் பையை மறந்துவிடுங்கள். பையின் அடி பின் சீற்றில் இடிக்கும், தலை உங்கள் தலைக்கு மேலே நிற்கும், உட்துறைமுக வீதியில் பக்கக் காற்று பிடித்தால் வண்டியையே இழுக்கும்.

இன்னொன்று. உங்கள் இரண்டாவது பேஸ் முதலாவதற்கு மாற்றாக வைத்திருப்பது என்றால் நன்றாக யோசியுங்கள். ஒரே பையில் இருப்பவை ஒரே நேரத்தில்தான் விழும்.

2. டேப் எடுத்து இரண்டையும் அளவுங்கள்

எத்தனை அங்குல பேஸ் என்று கடைக்காரர் கேட்டால் பலர் 34 என்று சொல்லிவிடுகிறார்கள். 34 என்பது நட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்தி தங்கும் சின்னக் கட்டை) பிரிட்ஜ் (உடலில் தந்தி பூட்டும் தாங்கி) வரையான தந்தி நீளம், அதாவது ஸ்கேல். பைக்குத் தேவை அதுவல்ல. அடியில் உள்ள பட்டி ஆணியிலிருந்து (கிட்டார் பட்டியை மாட்டும் ஆணி) தலையின் நுனி வரை அளக்க வேண்டும். 34 அங்குல ஸ்கேல் உள்ள சாதாரண ஃபெண்டர் வகைப் பேஸ் இப்படி அளந்தால் 46 அங்குலம் அளவில் வரும். ஐந்து தந்திகளில் பல 35 அங்குல ஸ்கேல், அவை இன்னும் ஒன்றிரண்டு அங்குலம் நீளும். 30 அங்குல ஸ்கேல் உள்ள சின்னப் பேஸ் என்றால் பெரிய பைக்குள் மேலும் கீழும் ஓடும், அதற்கு அடியில் ஒரு துவாயைச் சுருட்டி வைக்க வேண்டும்.

நீளத்தோடு இன்னும் மூன்று அளவு எடுங்கள்: உடலின் மிக அகன்ற இடம், தலையின் அகலம், பிரிட்ஜும் வொலியூம் நொப்பும் சேர்ந்த தடிப்பு. கடைசி அளவைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பலகையின் தடிப்பு ஒன்றரை, ஒன்றே முக்கால் அங்குலம்தான். நொப் சேர்ந்தால் இரண்டரையைத் தாண்டிவிடும். இரண்டு பேஸுக்கும் நடுத்தடுப்புக்கும் கூட்டிப் பாருங்கள், பையின் உள் ஆழம் எவ்வளவு வேண்டுமென்று தெரியும்.

உள்நீளம் 48 அங்குலம் இருந்தால் பெரும்பாலான சோடிக்குச் சரி. விற்பவர் தரும் அளவு உள்ளளவா வெளியளவா என்று கட்டாயம் கேளுங்கள், இரண்டுக்கும் இரண்டு அங்குலம் வித்தியாசம் வரும். பேஸைச் சுற்றி ஓர் அங்குலம் இளக்கம் போதும். மூன்று அங்குலம் இளகினால் உள்ளே ஆடும். வயலின் வடிவத்தில் உள் கூடாக இருக்கும் பேஸோ, தண்டர்பேர்ட் போல நீண்ட உடல் உள்ளதோ வைத்திருப்பவர்கள் பொதுவான பைகளை நம்பி முன்பணம் கட்ட வேண்டாம்.

இணையத்தில் தேடும்போது 'டபுள் பேஸ் பேக்' என்று போட்டால் ஆளுயர நிற்கும் கொன்ட்ராபேஸின் உறைதான் வரிசையாக வரும். 'டூயல் பேஸ் கிட்டார் கிக் பேக்' என்று தேடுங்கள்.

3. நடுத்தடுப்புத்தான் பை

ஒரே அறை, நடுவில் ஒரு துணிமடிப்பு என்று மலிவுப் பைகள் வருகின்றன. அவற்றை விட்டுவிடுங்கள். தடுப்பு மூன்று பக்கமும் தைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அதைவிடச் சிறந்தது இரண்டு தனி அறை, ஒவ்வொன்றுக்கும் தனி ஸிப். சின்ன மேடையில் ஒன்றை எடுக்கும்போது மற்றதைத் தொடவே தேவையில்லை.

படத்தில் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. சில பைகளில் தடுப்பு கழுத்து வரை வந்து நின்றுவிடும். உடல் இரண்டும் பத்திரமாக இருக்கும், ஆனால் மேலே தலைகள் இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கும். ஒன்றின் சுருதி முறுக்கி மற்றதின் கழுத்தைச் சுரண்டும். கையை உள்ளே விட்டுத் தலையின் நுனி வரை தடுப்பு போகிறதா என்று தடவிப் பாருங்கள். தூரத்தில் இருந்து வாங்கினால், இரண்டு ஸிப்பையும் முழுதாகத் திறந்து மேல்பகுதியை வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். படம் அனுப்பத் தயங்காதவர்கள் இந்த வீடியோவுக்கு ஏனோ தயங்குவார்கள். அந்தத் தயக்கமே உங்களுக்குப் பதில்.

கழுத்துக்குக் கீழே ஒரு மெத்தைத் தாங்கியும், மேலே வெல்குரோப் பட்டியும் இரண்டு அறையிலும் இருக்க வேண்டும். பை மல்லாக்க விழுந்தால் தலை தரையில் அடிபடாமல் காப்பது இந்தத் தாங்கிதான். அடியில் பட்டி ஆணி வந்து நிற்கும் இடத்தில் தடித்த ரப்பரோ கெட்டி ஃபோமோ வேண்டும். பையைப் படியில் 'டொக்' என்று வைக்கும்போது முழுப் பாரமும் அந்தச் சின்ன ஆணியில்தான் இறங்கும், ஆணி மரத்துக்குள் ஏறினால் வெடிப்பு வரும்.

பேஸ்களை வைக்கும் முறை: இரண்டின் முதுகும் நடுத்தடுப்பைப் பார்க்க வேண்டும், தந்திகள் வெளிப்பக்கம். முகத்துக்கு முகம் வைத்தால் பிரிட்ஜும் நொப்பும் எதிரெதிரே வந்து தடுப்பை நடுவில் வைத்து நசுக்கும். பாரமானதை உங்கள் முதுகுப் பக்க அறையில் போடுங்கள். பையை நெடுநேரம் மல்லாக்கப் போட்டு வைக்காதீர்கள், மேலே உள்ள பேஸின் 4 கிலோவும் கீழே உள்ளதின் பிரிட்ஜில் உட்காரும். வான் வண்டியில் கொண்டு போனாலும் பக்கவாட்டில் நிறுத்தித்தான் வைக்க வேண்டும்.

4. தோள்பட்டி, கைபிடி, ஸிப்

தோள்பட்டியின் மேல் முனை பையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். சதுரமாகத் தைத்து, நடுவில் குறுக்கும் மறுக்குமாக ஓடிய தையல் இருக்க வேண்டும். ஒரே ஒரு நேர்கோட்டுத் தையல் என்றால் 14 கிலோவுக்கு அது நிற்காது. பட்டி இரண்டரை அங்குலமாவது அகலமாக இருக்கட்டும். மார்பில் பூட்டும் குறுக்குப் பட்டி இருந்தால் கூடுதல் நல்லது, பாரம் தோளிலிருந்து வழுகாது.

உயரம் குறைந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டிகள் பையில் மேலே பூட்டியிருந்தால் அடி உங்கள் கெண்டைக்காலில் இடிக்கும். கீழே பூட்டியிருந்தால் தலைப்பகுதி உயர்ந்து கதவு நிலையில் மோதும். பூட்டும் இடத்தை மாற்றக்கூடிய பை கிடைத்தால் எடுங்கள். பக்கவாட்டில் ஒரு கைபிடி, தலைப்பக்கம் பின்புறம் ஒரு கைபிடி இரண்டும் தேவை. பஸ் படியில் ஏறும்போது முதுகில் போட்டுக்கொண்டு ஏற முடியாது, தலைக் கைபிடியைப் பிடித்து நிமிர்த்தித்தான் ஏற்ற வேண்டும்.

ஸிப் விடயத்தில் கடற்கரை ஊர் என்பதை மறக்கக்கூடாது. உலோகப் பல் ஸிப் நம் உப்புக்காற்றில் பச்சை பூத்து இறுகிவிடும். பிளாஸ்டிக் சுருள் ஸிப், 10ஆம் இலக்கம், கேளுங்கள். சாதாரணச் சட்டைத்துணிப் பைகளுக்குப் போடும் 5ஆம் இலக்கம் இந்தப் பாரத்துக்குப் பிளக்கும். ஒய்கேகே என்ற ஜப்பானிய ஸிப் நிறுவனத்தின் பெயர் ஓடியில் (ஸிப்பை இழுத்து மூடும் தலை) பொறித்திருந்தால் நல்ல அறிகுறி, ஆனால் ஓடியில் மட்டும் பெயரைப் பொறித்த போலிகளும் உண்டு. ஓடி உலோகமாகத்தான் இருக்கும், மாதத்துக்கு ஒருமுறை மெழுகுதிரியைப் பல்லில் தேய்த்துவிடுங்கள். ஸிப்புக்கு உட்பக்கம் ஒரு துணிமடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் பேஸின் விளிம்பு பல்லில் உரசும்.

5. ஸ்பொஞ்சும் துணியும்

அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பையின் சுவரை இரண்டு விரலால் நசுக்குங்கள். விரல்கள் கிட்டத்தட்டச் சந்தித்தால் அது மெத்தை ஸ்பொஞ், எத்தனை மில்லிமீற்றர் என்று எழுதியிருந்தாலும் ஒரு வருடத்தில் அப்பளம். பாதியில் நின்று எதிர்த்துத் தள்ளினால் அது மூடிய துளை ஃபோம், அதுதான் வேண்டும். இணையத்தில் ஒருவர் 20 மில்லிமீற்றர் என்று எழுதி விற்ற பையை நசுக்கியபோது என் விரல் விரலைத் தொட்டது. திருப்பி எடுக்கச் சொன்னதற்கு, அளவுகோலால் அளந்தால் 20 இருக்கிறதே என்றார். இருந்தது உண்மைதான்.

மெத்தை ஸ்பொஞ்சுக்கு இன்னொரு குறை, தண்ணீரைக் குடித்துவிடும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை இங்கே மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஈரம் குடித்த ஸ்பொஞ்சுக்குள் இரண்டு நாள் இருந்தால் தந்தி துருப்பிடிக்கும். துணி 600 டெனியர் (நூலின் தடிப்பைச் சொல்லும் அளவு) பொலியெஸ்டர் என்றால் குறைந்தபட்சம், 1680 டெனியர் பலிஸ்டிக் நைலோன் என்றால் நெடுநாள். எதுவானாலும் ஸிப் வழியே தண்ணீர் இறங்கும். அதனால் மேலே போடும் மழை உறை தனியாக வாங்குங்கள், பையின் விலையில் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

உள்துணி மென்மையாக இருக்க வேண்டும். ரெக்சின், பளபளப்பான பிளாஸ்டிக் உள்ளே வேண்டவே வேண்டாம். பழைய பேஸ்களில் நைட்ரோ லாக்கர் பூச்சு இருந்தால் ரப்பரும் வினைலும் பட்ட இடம் உருகி ஒட்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், பூட்டிய வானுக்குள் பையை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறவர்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும்.

6. எங்கே, எவ்வளவுக்கு, எத்தனை நாளில்

மூன்று வழி இருக்கிறது.

கொழும்பு. இசைக்கருவிக் கடைகளில் தனிப் பை நிறைய இருக்கும். இரட்டைப் பை, அதிலும் பேஸுக்கு, நான் கேட்ட இடங்களில் கையிருப்பில் இருக்கவில்லை. சாதாரண கிட்டார் இரட்டைப் பையைக் காட்டி, இதற்குள் போகும் என்பார்கள். போகாது, பேஸ் அதைவிட ஆறேழு அங்குலம் நீளம். போக முன் போனில் உள்நீளத்தை உறுதிப்படுத்துங்கள், 250 கிலோமீற்றருக்கு மேல் பயணம். போவதானால் ஒரு பேஸையாவது கையோடு கொண்டு போங்கள். பற்றுச்சீட்டில் மொடல் பெயரை எழுதி வாங்குங்கள், வெறும் 'பேக்' என்று எழுதினால் மாற்றிக்கொள்ளப் போகும்போது தகராறு.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது. கேட்டர், ராக்பேக், மோனோ, ரியூனியன் புளூஸ் எல்லாம் இரட்டைப் பேஸ் பை செய்திருக்கின்றன. நடுத்தரமானவை சுமாராக 150 முதல் 200 டொலர், மோனோ போன்றவை 300ஐத் தாண்டும். ஆனால் பையின் விலை இங்கே சின்ன விடயம். கூரியர்காரர்கள் நிறையையும் பருமனையும் ஒப்பிட்டு, எது கூடவோ அதற்குத்தான் கூலி எடுப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. 130, 45, 25 என்று ஒரு பெட்டியை எடுங்கள். 1,46,250ஐ 5000ஆல் வகுத்தால் 29.25. அதாவது 5 கிலோப் பைக்கு 29 கிலோவுக்கு மேல் கூலி! கட்டுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மடித்து அனுப்பச் சொல்லலாம்தான், கூலி அவ்வளவு குறையாது, ஃபோமில் மடிப்பும் விழும்.

அப்புறம் சுங்கம். சரக்கு விலை, கூலி, காப்புறுதி மூன்றையும் கூட்டிய தொகையில் இருந்துதான் வரிக் கணக்கு தொடங்கும். இறக்குமதித் தீர்வையும் செஸ் என்ற மேலதிக வரியும் காலத்துக்குக் காலம் மாறுபவை. சுங்க வரிப்பட்டியலில் இசைக்கருவிப் பைகள் 4202 என்ற தலைப்பில் வரும், கருவிகள் 92ஆம் அத்தியாயத்தில். சுங்கத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அந்த இலக்கத்தைப் போட்டு அன்றைய வீதத்தைப் பாருங்கள். அதற்கு மேல் வற் வரி, 2024 ஜனவரி முதல் 18 வீதம். விற்பவரிடம் 'அன்பளிப்பு, 20 டொலர்' என்று எழுதச் சொல்லும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதிகாரி திறந்து பார்த்துத் தானே விலை போட்டால் நீங்கள் வாதாட ஒரு கடதாசியும் கையில் இருக்காது.

தபாலில் வருவது கொழும்பு மத்திய தபால் பரிமாற்றகத்தில் சுங்கம் பார்த்துத்தான் வெளியே வரும். வைத்திருக்க வேண்டியவை: விற்பவரின் விலைப்பட்டியல், பணம் கட்டிய அட்டைக் கூற்று அல்லது மின்னஞ்சல், தேசிய அடையாள அட்டையும் அதன் பிரதியும், தபாலில் வந்த அறிவித்தல். உங்களுக்காகக் கொழும்பில் இருக்கும் உறவினர் போவதானால் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதமும் இரண்டு பேரின் அடையாள அட்டைப் பிரதியும் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் சொந்தக்காரர் கொண்டுவருவார் என்று நம்புபவர்களுக்கு ஒரு வார்த்தை: விமானப் பொதிகளுக்குப் பொதுவான எல்லை மூன்று பக்கமும் கூட்டி 158 சென்ரிமீற்றர். இந்தப் பை பெட்டியோடு 200. மாமா கட்டப்போகும் மேலதிகக் கட்டணத்தை முதலே கேட்டுச் சொல்லிவிடுங்கள், பிறகு கலியாண வீட்டில் முகம் பார்க்க வேண்டுமே.

தைப்பித்தல். என் ஓட்டு இதற்குத்தான். வான், ஓட்டோ சீற்றுக்குக் குஷன் அடிக்கும் கடைகளில் தடித்த துணி தைக்கும் மெஷின் இருக்கும். சட்டை தைக்கும் மெஷினில் 15 மில்லிமீற்றர் ஃபோம் போகாது, ஊசி முறியும். அதனால் வீட்டுத் தையல்காரரிடம் கொடுக்காதீர்கள். பெரிய காட்போட் மட்டையில் இரண்டு பேஸையும் படுக்க வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, ஓர் அங்குலம் கூட்டி வெட்டிக் கொடுங்கள். பேஸைக் கடையில் விட்டுவிட்டு வர வேண்டாம். ஃபோமை நீங்களே வாங்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் சீற் ஸ்பொஞ்சைத்தான் வைப்பார்கள். ஈவிஏ ஃபோம், செருப்படிக்குப் போடுவது போன்றது, என்று கேளுங்கள்.

விலை பேசும்போது துணி, ஃபோம், ஸிப், கூலி என்று நாலாகப் பிரித்துக் கேளுங்கள். மொத்தமாகச் சொன்னால் ஸிப்பில்தான் கைவைப்பார்கள். பாதி முன்பணம், மீதி இரண்டு பேஸையும் போட்டுத் தூக்கிப் பார்த்த பிறகு. தீபாவளி, பொங்கல், பாடசாலை தொடங்கும் நேரம் ஆகிய நாட்களில் கொடுத்தால் நாளைக்கு நாளைக்கு என்று இழுக்கும். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வெளிநாட்டுக்காரர் கூட்டம் மே மாதம் தொடங்கும், அதற்குள் பை வேண்டுமென்றால் மார்ச் தொடக்கத்தில் மட்டை வெட்டிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து என்றால் ஜனவரியில்.

7. பை கைக்கு வந்ததும்

இரண்டு பேஸையும் போட்டு, கட்டிலின் மேல் வைத்துப் பையைக் குலுக்குங்கள். உள்ளே மரச்சத்தம் கேட்கக்கூடாது. முதுகில் போட்டு வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்குங்கள், கால் மணி நேரம் நில்லுங்கள். தோள்பட்டித் தையலில் நூல் இழுபடுகிறதா என்று பாருங்கள். ஸிப்பை முழுப் பாரத்தோடு, பை நிமிர்ந்து நிற்கும்போது மூடிப் பாருங்கள். படுக்க வைத்து மூடினால் எந்த ஸிப்பும் மூடும். பேஸ் இரண்டின் தொடர் இலக்கத்தையும் படம் எடுத்துப் போனில் வையுங்கள். பெயரும் தொலைபேசி இலக்கமும் பையின் உள்ளே எழுதுங்கள், வெளியே வேண்டாம்.

8. பயணத்தில்

ஓட்டோவில் பை குறுக்கே படுக்காது. தலைப்பகுதி வெளியே நீட்டினால் பக்கத்தில் போகும் பஸ் தட்டிவிடும். பின் சீற்றில் சரிவாக நிறுத்தி, அடியைக் காலிடையில் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். கூட ஒருவர் ஏற முடியாது, அதைச் சாரதியிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

கொழும்பு இரவு பஸ்ஸில் டிக்கியில் போட வேண்டாம். ஹபரணையில் ஒரு மூட்டை, தம்புள்ளையில் நாலு மரக்கறிப் பெட்டி என்று அதற்கு மேல் ஏறிக்கொண்டே போகும். ஆசனம் பதியும்போதே பைக்கும் ஓர் ஆசனம் எடுங்கள், ஜன்னல் பக்கம். கொண்டக்டரிடம் அந்தச் சீட்டைக் காட்டத் தயாராக வைத்திருங்கள், நடு இரவில் யாராவது அதில் உட்காரக் கேட்பார்கள். ரயில் என்றால் பெட்டிக்குள் உங்களோடு, சாமான் வண்டியில் அல்ல.

கோணேசர் கோயில் பக்கம் புரோகிராம் என்றால் கோட்டைக்குள் மான்கள் கிட்ட வரும். பைக்குள் வாழைப்பழம் வைத்திருக்காதீர்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கடற்கரை நிகழ்ச்சியில் பையை மணலில் படுக்க வைக்காதீர்கள், கதிரையில் சாத்துங்கள். வீட்டுக்கு வந்ததும் பேஸ்களை வெளியே எடுத்து, பையைக் கவிழ்த்துத் தட்டி, பழைய பல்துலக்கும் பிரஷால் ஸிப்பின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழே தேய்த்துவிடுங்கள். மணல் இருக்கும்போது ஓடியை இழுத்தால் பல் அறுபடும். மாரி காலத்தில் இரவு முழுக்கப் பையைத் திறந்து ஃபேனுக்குக் கீழே வையுங்கள். செருப்புப் பெட்டி, மருந்துப் போத்தல்களில் வரும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைக்கற்றுகளைச் சேர்த்து ஒவ்வொரு அறையிலும் நாலைந்து போடலாம். வருடத்துக்கு ஒருமுறை அடியில் உள்ள ரப்பரைத் தடவிப் பாருங்கள், ஆணி குழி விழுத்தியிருந்தால் அதே குஷன் கடையில் மாற்றிக் கொடுப்பார்கள்.